காலத்துக்கு அகலம் உண்டென்ற குணரத்தினம் மாஸ்டர்

அந்த வாதம் நடந்த ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் இருந்தது ஐந்து பேர். குணரத்தினம் மாஸ்டர். அவரிடம் பௌதிகம் படித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் சிவகரன். வாசிகசாலைப் பொறுப்பாளர் மரியநாயகம். மீன் ஏலம் முடிந்தால் பேப்பர் பார்க்க வரும் கிண்ணியா ஹனீபா நானா. கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடுகிற புவனேஸ்வரி, அதாவது நான். மண்டபம் நிறைந்த சனம் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தது என்று பிறகு அவரின் செத்தவீட்டில் கதைத்தவர்களில் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. நாங்கள் ஐந்து பேர். ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். ஆனால் எனக்கு மறதி இல்லை.

மாஸ்டர் போன செய்தியை மரியநாயகம்தான் கொண்டுவந்தார். வீட்டு வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி, "அக்கா, மாஸ்டர் கதிரையில இருந்தபடியே போயிட்டார்" என்றார். "நல்லது" என்றேன். பதினொரு மாதமாக எனக்கும் மாஸ்டருக்கும் கதை இல்லை.

ஏன் என்று சொல்ல என் மகன் ரவியைச் சொல்லவேண்டும். ஆறு வருடத்துக்கு முன் இறக்கக்கண்டியில் கடலுக்குப் போனான். படகு வந்தது, அவன் வரவில்லை. அன்று விடிய, "அம்மா, காய்ச்சலாக் கிடக்கு" என்றான். "நடிக்காத, எழும்பு" என்று அனுப்பினது நான். படத்துக்கு மாலை போடு, திவசத்துக்கு ஒரு நாளைக் குறி என்று சொந்தம் எல்லாம் நெருக்கியது.

இதை ஒரு நாள் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் பழைய பேப்பர் ஓரத்தில் மூன்று கோடு கீறினார். "அக்கா, காலத்துக்கு நீளம் மட்டும்தான் எண்டு நினைக்கிறம். அகலமும் இருக்கு, உயரமும் இருக்கு. கப்பல் துறைமுகத்துக்குள்ள ஒரு பாதையாலதான் வருது. அதுக்காகக் கடல் அந்தப் பாதை மட்டுமோ?"

"அப்ப, ரவி காய்ச்சலோட வீட்டில படுத்துக்கிடக்கிற பக்கமும் இருக்குமோ?"

"இருக்கும். எங்களால போக ஏலாது. ஆனா இருக்கும்."

ஊர் அவருக்கு விசர், பைத்தியம் என்றது. நான் மாலை போடவில்லை. அந்த ஒரு சொல்லில் உயிர் வைத்திருந்தேன்.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. சிவகரன் விடுமுறையில் வந்திருந்தான். இரண்டு பேரையும் வாதாட விட்டுப் பார்க்க மரியநாயகத்துக்கு ஆசை.

"சேர், காலத்துக்கு அகலம் இருந்தா ஒருத்தன் சுத்தி வளைச்சு நேற்றைக்கு வந்திடலாம். பிறகு தகப்பனுக்கு முன்னம் பிள்ளை பிறக்கும்."

"திரும்பலாம் தம்பி, ஆனா பின்னால போக ஏலாது. என்ர கணக்கில அதுக்கு இடமில்லை."

"அங்கால பக்கம் பாரை மீன் கூடப் படுமெண்டாச் சொல்லுங்க மாஸ்டர், வலைய அங்க போடுவம்" என்றார் ஹனீபா நானா. மாஸ்டரே சிரித்தார்.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற நான்தான் வாயைத் திறந்தேன். "மாஸ்டர், ரவியைப் பற்றி எனக்குச் சொன்னதை இவைக்கும் சொல்லுங்கோ."

மாஸ்டர் சொன்னார். சிவகரன் என்னைப் பார்த்தான். பிறகு, "சேர், உங்கட வீட்டில ரீச்சற்ற படத்துக்கு மாலை போட்டிருக்கே, ஏன்?" என்று கேட்டான். ரீச்சர் என்றது மாஸ்டரின் மனைவி வதனாவை. அவ போய்ப் பத்து வருடம்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "செத்தது செத்ததுதான், சிவகரன்" என்றார். "கணக்கில வரும். கையில வராது."

என் பிள்ளை இரண்டாம் தரம் செத்தது அங்கேதான். தட்டை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு அவருக்கு நான் தேத்தண்ணி போடவில்லை.

ஒரு மாதம் கழித்துப் படலையில் வந்து நின்றார். "அக்கா, வதனாவின்ர மாலையைக் கழட்டிப்போட்டன்."

நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே கேட்டேன்: "கழட்டினா? வதனா வருவாவோ?"

அவர் வந்த வழியே போய்விட்டார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

செத்தவீட்டில்தான் கண்டேன். வதனாவின் படம் மாலை இல்லாமல் இருந்தது. ஆணியில் நூல் துண்டு மட்டும் தொங்கியது. பக்கத்தில் மாஸ்டரின் படத்துக்கு யாரோ புது மாலை போட்டிருந்தார்கள். சிவகரன் வந்து என் கையைப் பிடித்தான். "அம்மா, நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது."

"கேக்கிறதுதானே மோனே உன்ர வேலை" என்றேன். அவனில் எனக்குக் கோபம் இல்லை.

வரும் வழியில் ஒரு மாலை வாங்கினேன். ரவியின் படத்துக்குப் போட்டேன். வேண்டாம் என்று எனக்காகக் கணக்குச் சொல்ல இனி ஆள் இல்லை. மூன்று கோடு கீறின அந்தப் பேப்பர் துண்டு அலுமாரியில், ரவியின் சேட்டுக்குக் கீழே இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

மாலையைக் கழற்றினதுதான் சிவகரன் கேட்டதுக்குச் சரியான மறுமொழி. 'கழட்டிப்போடுறன்' என்று அன்றைக்கே வாசிகசாலையில், எங்கள் நாலு பேருக்கும் முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் மகன் இன்னும் எங்கேயோ காய்ச்சலோடு படுத்திருப்பான். கேட்ட சிவகரனை விட்டுவிட்டேன். படலையைத் திறக்காத என்னையும் ஒரு நாள் விட்டுவிடுவேன். குணரத்தினம் மாஸ்டரை மன்னிக்க மாட்டேன்.