கடைசி இரண்டு கெஜம்

கனடாவுக்கு வருமுன் நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்புகளுக்குத் தூய கணிதம் கற்பித்தவன், பட்டதாரி, மாணவர் ஒழுக்கத்துக்கும் பொறுப்பாக இருந்தவன். எண்பத்தாறாம் ஆண்டு ஸ்காபரோப் பாடசாலை ஒன்றில் ஆய்வுகூட உதவியாளனாகப் போத்தல் கழுவியபோதும் கழுத்துப்பட்டி இல்லாமல் நான் வேலைக்குச் சென்றதில்லை.

அங்கே, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஃபுட்போல் அணி ஒன்று இருந்தது. பயிற்றுநர் ஒரு புவியியல் ஆசிரியர். எண்களில் எனக்குள்ள பழக்கத்தை அறிந்து, எந்த முயற்சிக்கு எத்தனை கெஜம் கிடைத்தது என்று குறித்துத் தரும்படி கேட்டார். மூன்று போட்டிகளிலேயே விடயம் தெளிவாகிவிட்டது. பந்துக்கு முன்னே நிற்கும் ஐவரும் பருத்த பையன்கள். முன்னால் தள்ளச் சொன்னால் எதிரிகளை அப்படியே நகர்த்தினார்கள். பின்வாங்கி நின்று, பந்தை முன்னோக்கி எறியும் பையனைக் காக்கச் சொன்னாலோ கால்கள் பின்னிக்கொண்டன. இடப்பக்கக் கடைசிப் பையன் பெரும்பாலும் விழுந்தேவிட்டான். பந்தை ஏந்தி ஓடினால் மட்டுமே வெல்லலாம். பயிற்றுநர் எறிவதையே விரும்பினார்.

எண்களைத் திங்கள்தோறும் கொடுத்தேன். முடிவைத் தனித்தாளில் எழுதி என்னிடமே வைத்துக்கொண்டேன். ஓர் ஆசிரியரின் பொறுப்பில் இன்னொருவர் கேளாமல் கருத்துச் சொல்வது எங்கள் கல்லூரி வழக்கமன்று; மாணவர் முன்னிலையில் ஒருபோதுமில்லை.

கடைசிக்கு முந்திய போட்டிவரை எல்லாவற்றிலும் தோற்றோம். கடைசிப் போட்டியிலும் தோற்றால் அணியைக் கலைப்பதாக அதிபர் அறிவித்தார். அன்று முடிவு நேரத்தில் நான்கு புள்ளி பின்னால் நின்றோம். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் ஆறு கிடைக்கும். கோட்டுக்கு இரண்டு கெஜம், மிஞ்சியது ஒரே முயற்சி.

பாடசாலையில் துப்புரவு வேலை செய்த எங்கள் ஊரவர் ஒருவர் பக்கத்தில் நின்றார். முடிவை எழுதி என் கையில் வைத்திருந்த அந்தத் தாளைப் படித்தார்.

"சேர், உதைப் போய்ச் சொல்லுங்கோவன்."

"கேட்டால் சொல்லுவன்."

"உவர் எங்கை கேக்கப்போறார்? கூப்பிட்டால்தான் பந்தியிலை இருப்பன் எண்டு நிக்கிற சம்பந்தி மாதிரி நிக்கிறியள்."

"அது அவரின்ரை வேலை. நான் தலையிடேலாது."

பயிற்றுநர் எறியச் சொன்னார். ஐவரும் பின்வாங்கினார்கள். இடப்பக்கப் பையன் விழுந்தான். அவனைத் தாண்டி வந்தவர்கள் எறிபவனைப் பந்தோடு வீழ்த்தினார்கள். போட்டி முடிந்தது. அந்தப் பையனுக்கு அடியேதும் படவில்லை. ஆயினும் முகத்தை நிலத்தில் பதித்தபடி கிடந்தான். பயிற்றுநர் அவனைக் கடந்து போனார். நானும் போனேன்.

அணி கலைந்தது. சீருடைகளைப் பெட்டிகளில் அடைத்து ஆய்வுகூடக் களஞ்சியத்தில் வைத்தார்கள். அவற்றை நகர்த்தித்தான் ஒவ்வொரு நாளும் அமிலப் போத்தல்களை நான் எடுக்கவேண்டியிருந்தது.

ஸ்காபரோவை அடுத்த மில்லிக்கனில், எங்கள் ஊரவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்து ஒன்றில், "சேரின்ரை கணக்கை நம்பித்தான் உவங்கள் எறிஞ்சு கவிண்டவங்கள்" என்று ஒருவர் சொல்லிச் சிரித்ததாகப் பின்னர் அறிந்தேன். இன்றும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. நான் எறியச் சொல்லவில்லை. என்னிடம் எவரும் கேட்கவில்லை; நான் எதுவும் சொல்லவில்லை.