அரை அடி உயரம்

என் அம்மாவின் மணிக்கட்டை முறித்தது ஒரு காண்ட்ராக்டரின் ஆடம்பரம். அந்த ஆடம்பரத்தை அவன் வண்டியில் மாட்டிக் கொடுத்தது என் சித்தி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சித்தி ஏன் அப்படி நடுத்தெருவில் போய் நின்றாள் என்பது விளங்கும்.

சித்தி அம்மாவுக்கு நாலு வயது இளையவள். இருபத்திரண்டு வயதில் ஒரு வண்டிப் பட்டறைக்குப் பில் எழுதப் போனாள். எழுதுகிற சாமான் எது, எங்கே மாட்டுவார்கள் என்று தெரியாமல் எழுத அவளுக்குக் கை ஓடவில்லை. இது என்ன, அது எதுக்கு என்று எல்லோரையும் குடைந்து எடுத்து, கடைசியில் ஒரு நாள் தானே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். அதற்கப்புறம் பில் எழுத முதலாளி வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. இருபத்தாறு வருடமாக அங்கே ஸ்பிரிங், சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் எல்லாம் அவள் கைதான். புதிதாக வருகிறவர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள்.

"இருக்காரே. உங்ககிட்டதான் பேசிட்டிருக்காரு" என்பாள்.

பட்டறையில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். சட்டைப் பையில் இரும்பு டேப் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. கண்ணால் பார்த்துவிட்டு யாராவது "சரியாத்தான் இருக்கு" என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பட்டறைக்குத்தான் காண்ட்ராக்டர் புத்தம் புதிய நீலநிற பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னியுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் கிட்டையும் அவனே பெட்டியோடு வாங்கி வந்திருந்தான். நாலு அங்குலம் தூக்க வேண்டும், மேலே பெரிய டயர் போட வேண்டும், பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பின்னால ஆள் ஏத்துவீங்களா சார்?"

"சேச்சே. இது நான் ஃப்ரெண்ட்ஸோட மலைப்பாதையில ஓட்டறதுக்கு. ஆளுங்களுக்குத் தனியா வேன் பார்த்துட்டிருக்கேன்."

நம்பிவிட்டாள். ஆனாலும் வேலைச் சீட்டில் தன் கைப்பட எழுதினாள்: 'உயரம் கூட்டிய வண்டி. பின்னால் ஆள் ஏற்றக் கூடாது.' அவன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு நாள் வேலை அது. முதலில் நாலு சக்கரத்துக்கும் நடு அச்சிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினாள். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கைக் கவ்வி இறுக்கி, அது துள்ளிவிடாமல் பார்த்துக் கழற்றி, மேலே இரும்புத் தட்டு வைத்துத் திரும்பப் பூட்டினாள். பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை கொடுத்து, நீளமான யூ போல்ட் போட்டு முறுக்கினாள். உயரம் கூடினால் பிரேக் குழாய் விறைத்து இழுக்கும். பெட்டியில் நீளக் குழாய் இல்லை. "அது இல்லாம வண்டி வெளிய போகாது" என்று இரண்டு மணி நேரம் அவனை உட்கார வைத்து, வரவழைத்து மாட்டினாள். கடைசியில் அவன் கேட்டபடி, முன்கதவுகளுக்குக் கீழே பளபளவென்று இரண்டு மிதிபலகை. ஓட்டுநர் சீட்டுக்கு அவன் சிரமப்படாமல் ஏற வேண்டுமே!

சுத்தமான வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, அந்த நீல வண்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா என்ன வேலை பார்த்தாள் என்று சொல்லவில்லையே. புதிதாகக் கட்டி முடித்த கட்டிடங்களை, ஒப்படைக்கும் முன் கழுவித் துடைத்துத் தரும் வேலை. சிமெண்ட் கறையைச் சுரண்டி எடுக்க வேண்டும், கண்ணாடியில் பெயின்ட் பொட்டைப் பிளேடால் வழிக்க வேண்டும். ஒன்பது பெண்கள். காலை ஆறரைக்குத் தெருமுனையில் நிற்பார்கள். காண்ட்ராக்டர் ஒரு பழைய பிக்கப்பில் வாளி, மாப், ஏணியோடு அவர்களையும் ஏற்றிப் போவான். சித்தி அதற்கு முன் அந்த ஆளைப் பார்த்ததே கிடையாது; பட்டறைக்கு வந்தவன் அவன்தான் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் பழைய வண்டியை விற்றுவிட்டான். தெருமுனைக்கு வந்து நின்றது நீல வண்டி. பின்கண்ணாடியில் சித்தி பட்டறையின் ஸ்டிக்கர்.

வேனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நாலு அங்குலம் கிட்டுக்கு, இரண்டு அங்குலம் டயருக்கு. முன்பு இடுப்பு உயரத்தில் இருந்த பின்பலகை, அம்மா மாதிரி குள்ளமான ஆளுக்கு இப்போது தொப்புளுக்கு மேலே. ஐம்பத்திரண்டு வயதுப் பெண் எப்படி ஏறுவாள்? டயரில் கால் வைத்து, சேலையை இடுக்கிக்கொண்டு, மேலே இருப்பவள் கையைப் பிடித்து இழுக்க, கீழே இருப்பவள் முட்டுக்கொடுக்க, மூட்டை ஏற்றுகிற மாதிரி ஏறினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. முணுமுணுப்பு அதிகமானதும் அவன் பெரிய மனது பண்ணி ஒரு காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டான். அதுதான் படி.

மூன்றாவது வாரம் தூறல். வாளி வழுக்கியது. அம்மா வலது கையை ஊன்றி விழுந்தாள்.

அவன் கண்ணாடியை இறக்கிச் சொன்னானாம்: "எட்டு பேர் ஏறலையா? உனக்கு மட்டும் என்ன? ஏற முடியாதவங்க வீட்ல இருக்க வேண்டியதுதானே." மற்ற பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கூட இறங்கி நின்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது, அவர்களிலேயே நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு அக்கா மட்டும்தான். எல்லோரையும் தினமும் மேலே இழுத்துவிடுவது அவள்தான்.

நான் ஓடிப்போனபோது கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் சித்தி வந்தாள், கையில் கிரீஸோடு.

"எந்த வண்டிக்கா?"

நெட்டை அக்காதான் சொன்னாள். "நீல வண்டி. புதுசா உயரம் பண்ணானே, அது."

சித்தி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வாரமா அதுலயா போற? ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ பார்த்த வேலை. அவ்ளோ ஆசையா சொன்னியே. சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான்..."

சித்தி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போயிற்று. "எனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு நீ கையை உடைச்சுக்கிட்டியா? அந்தப் பொறுக்கி என் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிட்டுப் போயிருக்கான்!" என்று எழுந்தவளை, நர்ஸ் வந்து "மெதுவா பேசுங்கம்மா" என்று அதட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஆறு இருபதுக்குத் தெருமுனையில் நின்றாள். நானும் கூடப் போனேன். நீல வண்டி வந்தது. சித்தி யாரிடமும் பேசாமல் பின்னால் போய், தரையில் டேப்பின் நுனியை மிதித்துக்கொண்டு பின்பலகை வரை அளந்தாள்.

"முப்பத்தெட்டரை அங்குலம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அவன் இறங்கி வந்தான். "ஏம்மா, நீ பட்டறைல இருக்கற அம்மாதானே? இங்க என்ன பண்றே?"

"ஆள் ஏத்த மாட்டேன்னு சொன்னீங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்க." சீட்டின் நகலை நீட்டினாள்.

"அது சும்மா ஒரு கையெழுத்து. அதுக்கு இப்ப என்ன?"

"நேத்து விழுந்தது என் அக்கா."

அவன் ஒரு நொடி தடுமாறினான். அப்புறம் சிரித்தான்! "ஓ, சொந்தக்காரங்களா? சரி, டாக்டர் செலவு ஏதாவது..."

"உங்க காசு யாருக்கு வேணும்? ஏறிக் காட்டுங்க. அவங்க மாதிரி, ஒரு கையில வாளி, ஒரு கையில மாப். அந்தப் பெயின்ட் டப்பா மேல கால் வெச்சு ஏறுங்க. பார்க்கலாம்."

"நான் ஏன் ஏறணும்?"

"ஏற மாட்டீங்க. உங்களுக்குக் கதவுக்குக் கீழ ஸ்டீல் படி இருக்கு. நான்தான் மாட்டினேன், என் கையால. உங்க செருப்புக்கு ரெண்டு படி, இவங்க ஒன்பது பேருக்குக் காலி டப்பாவா?"

அதுவரை யாருமே முன்பக்க மிதிபலகையைக் கவனித்திருக்கவில்லை போலிருக்கிறது. எட்டுப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். காலை வெயிலில் அது கண்ணாடி மாதிரி மின்னியது. நெட்டை அக்கா கையிலிருந்த வாளியைத் தரையில் வைத்தாள். "நான் ஏறல."

"உனக்கு என்னம்மா, நீதான் ஈசியா ஏறிடுவியே" என்றான் அவன்.

"நான் ஏறிடுவேன். இழுத்து இழுத்து என் தோள்பட்டைதான் கழண்டு போச்சு. இன்னிக்கு யாரையும் இழுக்கறதா இல்ல."

அப்புறம் ஒவ்வொரு வாளியாகத் தரையில் இறங்கியது. பன்னிரண்டு மணிக்குள் ஒரு ஆபீஸ் கட்டிடத்தின் மூன்று மாடியை அவன் முடித்துக் கொடுக்க வேண்டும். கத்தினான், வேற ஆள் பார்ப்பேன் என்றான், ஏழே காலுக்கு வாடகை வேன் வரவழைத்தான்.

பத்து மணிக்குள் முதலாளிக்குப் போன் போயிருந்தது. "கஸ்டமரை ரோட்டுல நிக்க வெச்சு அசிங்கப்படுத்தலாமா? ஒரு சாரி சொல்லிடு" என்றார் முதலாளி.

"பொய் சொன்னது அவரு, கை உடைஞ்சது எங்க அக்காவுக்கு, சாரி சொல்றது நானா? நல்லா இருக்கு நியாயம்" என்றாள் சித்தி. முதலாளி அவளை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் முதல் முறை. அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டுக்கு வந்து சமைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், பாத்திரத்தோடு அவனையும் சேர்த்துத் தேய்த்தாள்.

எட்டாம் நாள் நீல வண்டி பட்டறை வாசலில் நின்றது. தினமும் வேன் பிடித்து அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை, பெண்களும் அசையவில்லை. பழையபடி இறக்க வேண்டும், ஆனால் அந்த அம்மா கை வைக்கக் கூடாது என்றானாம். அங்கே வேறு யாருக்கும் அந்த வேலை முழுசாகத் தெரியாது. முதலாளியே சித்தியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வேலையைச் சரியாகத்தான் செய்தாள். கட்டையை உருவி, தட்டைக் கழற்றி, பழைய போல்ட்டை எண்ணெய் போட்டுப் பூட்டி, பழைய டயரை மாட்டி, ஹெட்லைட் கோணம் வரைக்கும் திருப்பிவைத்தாள். அவன் ஒரு மூலையில் உட்கார்ந்து போனையே நோண்டிக்கொண்டிருந்தான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. கிளம்பும்போது, "படி இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான்.

அம்மாவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. "அந்தம்மாவை எடுத்தா தங்கச்சியும் கூட வருவா" என்றானாம். மணிக்கட்டு லேசாகக் கோணிக்கொண்டு சேர்ந்தது. துணி பிழிய முடியாது, பாட்டில் மூடி திறக்க முடியாது. இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் வருகைப் பதிவு எழுதுகிறாள், இடது கையால்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி வந்து போர்வைகளையெல்லாம் பிழிந்து போடுகிறாள். பிழியும்போது அவனைத் திட்டுகிறாள். புதுப்புது வார்த்தையாகக் கண்டுபிடித்துத் திட்டுகிறாள்.

"விடுடி, முடிஞ்சு போச்சு" என்கிறாள் அம்மா.

"உனக்கு முடிஞ்சிருக்கலாம்" என்கிறாள் சித்தி. போர்வையை இன்னும் ஒரு முறுக்கு முறுக்குகிறாள்.