குழாய் எட்டாத ஆவாரை

மோகனராஜுக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் கை சும்மா இருக்காது. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருஷம் தேயிலை நாற்றுகளைப் பார்த்தவர். மழை பெய்தாலும் ஒரு நடை போய், நனைந்திருக்கிறதா என்று மண்ணைத் தொட்டுப் பார்க்கிற ஆள். அப்பேர்ப்பட்டவர் தெல்தெனியவில் ஸமீம் ஹாஜியாரின் விருந்தினர் விடுதிக்குத் தோட்டக்காரராக வந்து சேர்ந்தார். அங்கே ஆனி பிறந்தால் காற்றுத்தான் அடிக்கும், மழை எட்டிப் பார்க்காது.

முதல் வருஷமே புல்தரை பொசுங்கிப்போனது. கிணறும் கைவிரித்தது. ஹாஜியார் நல்ல மனுஷர்தான், ஆனால் பொறுமை கொஞ்சம் மட்டு. அடுத்த பெரஹெரா ஊர்வலம் பார்க்க ஆட்கள் வரும்போதும் முற்றம் இப்படிக் கிடந்தால் முழுக்க இன்டர்லொக் கல் பதித்துவிடுவேன் என்றார். கல்லுக்கு எதற்குத் தோட்டக்காரன்? ஐம்பத்து நான்கு வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போவது என்று மோகனராஜ் பயந்தே போனார்.

ஊரை ஒட்டிய நீர்த்தேக்கத்துக்கு மேலே வெயில் மேட்டில், யாரும் வைக்காமலே ஆவாரை நிற்பதை பஸ்ஸில் போகும்போது பார்த்து வைத்திருந்தார். விதை பொறுக்கி முளைக்கப் போட்டு, ஐப்பசி மழையோடு இருபது கன்று நட்டார். நட்டதோடு விட்டாரா? மழை ஓய்ந்ததும் ரெண்டு வேளையும் தண்ணீர். மாசியில் ஒவ்வொன்றாய் மஞ்சளித்து, வேர் அழுகி விழுந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினார், பாவம்.

எட்டுச் செத்த பிறகுதான் வாசல் கேட்டருகே நின்ற மூன்றைக் கவனித்தார். குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. வாளியில் கொண்டுபோக முழங்கால் விடவில்லை. அந்த மூன்றும் இடுப்பளவு வளர்ந்து தளதளவென்று நின்றன. மனுஷருக்கு வெட்கமாய்ப் போயிற்று. அன்றே குழாயைச் சுருட்டி ஸ்டோரில் போட்டுப் பூட்டி, விடுதியில் சமைக்கிற மனைவி வேலாயியிடம் சாவியைக் கொடுத்தார். கேட்டாலும் தராதே என்றார். ரெண்டு தரம் கேட்டார். அவள் தரவில்லை.

ஆடிக் கடைசியில் மீதிப் பன்னிரண்டும் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கின. பெரஹெராவுக்கு வந்தவர்கள் அறைக்குக்கூடப் போகாமல் முற்றத்தில் நின்று படம் பிடித்தார்கள். ஹாஜியார் குனிந்து மண்ணைத் தொட்டார். காய்ந்து கிடந்தது.

"இதுக்கு எத்தன தரம் தண்ணி ஊத்துறீங்க?"

"ஊத்துறதில்லங்க மொதலாளி."

"அப்ப நீங்க என்னத்துக்கு?"

மோகனராஜ் தலையைச் சொறிந்தார். "ஊத்தாம இருக்கிறதுக்குத்தாங்க. அது லேசுப்பட்ட வேல இல்ல."

ஹாஜியார் வாய்விட்டுச் சிரித்தார். கல்லுக்குச் சொல்லி வைத்திருந்த ஆளை அங்கேயே நின்று போனில் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றார். அடுத்த மழைக்கு இன்னும் எட்டுக் கன்று வைக்கச் சொன்னார். மோகனராஜுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டோர்ச் சாவி மட்டும் இன்னும் வேலாயியிடந்தான் இருக்கிறது.