நான் காட்டிக்கொடுத்த ராசா

இன்று பெரியகல்லாற்றுப் பஸ்ஸைப் பாலத்துச் சென்றிச் சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். துவக்கோடு நின்றவன் என் பையில் இருந்த கொப்பியைப் பிரித்தான். அதில் இருந்தது நானே கற்பனையில் உண்டாக்கிய நாடு. பள்ளிக்கூடம் போகாதவன் என்பதால் அதற்கு எழுத்தையும் நானே உண்டாக்கினேன். (இதைத் தட்டித் தருவது மகள்.)

"இது என்னடா ரகசிய எழுத்து?"

"ரகசியம் இல்ல சேர், வாவிக்கு அடியில இருக்கிற நாட்டுப் பாசை. அங்க இறாலப் பூட்டித்தான் உழுவாங்க."

"பகிடியா உடுறாய்?"

துவக்குப் பிடியால் வாயில் குத்தினான். இரண்டு பல் விழுந்தது.

"தலைவன் ஆரு? எங்க இருக்கான்?"

மூன்றாவது குத்தில் அந்த நாட்டு ராசாவின் பேரையும், சண்டைக்குப் பயந்து அவர் ஒளிந்திருக்கும் குகையையும் சொல்லிவிட்டேன். கவனமாக எழுதிக்கொண்டு, என்னைப் போகவிட்டான்.

ராசாவை இனி எங்கே ஒளிப்பது? இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கே எழுத வேண்டாம், நேரில் வாருங்கள்.