அறுபது ஓட்டு வேண்டும் என்று சொன்னேன்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு, அமெரிக்க எரிவாயுக் கிணறுகளில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அங்கே பொருத்திய கேமராக்கள் எடுக்கும் கறுப்புவெள்ளைப் படங்கள் சென்னைக் கம்பெனி ஒன்றின் வழியாக அவளுடைய லேப்டாப்புக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத மீத்தேன் அந்தப் படங்களில் மெல்லிய புகைபோலத் தெரியும். புகை கிளம்பும் இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாள்.

அளவுக்கு மேல் மீத்தேனை வெளியே விடும் நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்த பிறகுதான் கம்பெனிக்கு இத்தனை படங்கள் வந்தன. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் அவள் அதில் சேர்ந்தாள். அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பகலில் அவரைத் தூக்கி உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும். அவளைத் தவிர யாரும் இல்லை.

அவர் கனகம்மாசத்திரம் பக்கம் கூலி வேலை செய்தவர். மகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும், "எவனோ வுட்ற காத்த இவ இங்க குந்திகினு மோந்து பாக்கறா" என்பார். "நைனா, சும்மா இரு" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

அமெரிக்காவில் புதிய அதிபர் பதவியேற்ற ஜனவரியில் அவள் கீழே வந்தாள்.

"அந்தக் கட்டணத்த ரத்து பண்ணப் போறாங்கன்னு மீட்டிங்ல சொன்னாங்க சார். ரத்தானா எங்க வேலை இருக்காதாம். இங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர் கேக்கறாங்க. நடந்தே போயிடலாம், மத்தியானம் வந்து நைனாவப் பாத்துக்கலாம். சேந்துடட்டுமா?"

நான் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்து ஓய்வு பெற்றவன். அமெரிக்க மேலவையான செனட்டில் எதிர்க்கட்சி மறித்தால் மசோதா நகர நூற்றுக்கு அறுபது ஓட்டு வேண்டும், ஆளுங்கட்சியிடம் அவ்வளவு இல்லை. இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

"அவ்ளோ சுலபமா நடக்காதும்மா. அறுபது ஓட்டு வேணும்."

"நிச்சயமா சார்?"

"ஆங்."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி முடிவதற்குள், கட்டணத்தை வசூலிப்பதற்கான விதியை ரத்து செய்யும் தீர்மானம் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. அரசுத் துறை புதிதாகப் போட்ட விதியை ரத்து செய்யத் தனி நடைமுறை உண்டு. அதற்கு அறுபது தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். அதைப் பற்றியும் நான் செய்தி திருத்தியிருக்கிறேன். ஜனவரியில் அது நினைவுக்கு வரவில்லை.

கம்பெனியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அவளை மட்டும் வேலையில் விட்டுவைத்தார்கள். ஏப்ரலில் அதே பள்ளிக்கூடம் ஜூனுக்கு ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்தது. பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"போனது விதிதான். சட்டம் அப்படியேதான் இருக்கு" என்றேன். அது உண்மை. அவள் விண்ணப்பிக்கவில்லை.

ஜூலையில் பெரிய பட்ஜெட் மசோதா ஒன்று நிறைவேறியது. அதன் நடுவே இருந்த ஒரு பிரிவு, மீத்தேன் கட்டணத்தைப் பத்து ஆண்டு தள்ளி வைத்தது. பட்ஜெட் மசோதாவுக்கும் அறுபது வேண்டியதில்லை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் தெருவை அடைத்திருந்த நாளில் அவளுக்கு மெயில் வந்தது. காவடி மேளத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. போனை என்னிடம் நீட்டினாள். அந்த மாதத்தோடு வேலை முடிகிறது என்று இருந்தது.

"அப்போ அந்தக் கசிவெல்லாம்?" என்று கேட்டேன். பழக்கத்தில் வந்த கேள்வி.

"அது பாட்டுக்குப் போய்கினு இருக்கும் சார்."

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டாள். ஜூனிலேயே ஆள் எடுத்துவிட்டார்கள்.

இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். விடியும் முன் கம்பெனி வேன் வருகிறது, திரும்பும்போது இருட்டிவிடுகிறது. மத்தியானம் நான் மாடிக்குப் போய், அவள் ஆக்கி வைத்த சோற்றை அவளுடைய அப்பாவுக்குப் போட்டுக் கொடுக்கிறேன். அவரைத் தூக்குவது எனக்குச் சிரமம். இரண்டு மூன்று தடவையாக நகர்த்தித்தான் உட்கார வைக்க முடிகிறது. சில நாள் போவதற்குத் தாமதமாகிவிடும். அதற்குள் விரிப்பு நனைந்திருக்கும். அதை உருவிவிட்டு வேறு விரிப்பு போடுவேன். காற்றைப் பற்றிய கேலியை அவர் விட்டுவிட்டார்.

போன வாரம் அவரே கேட்டார்.

"சார், அந்தச் சட்டம் திரும்ப வருமா?"

"பத்து வருஷம் தள்ளி வெச்சிருக்காங்க."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க சொல்றது எப்பவும் கரெக்டாதான் இருக்கும். சோத்த வெச்சிட்டுக் கெளம்புங்க."