சிங்கத்தின் நகம்

பிறர் வீட்டு வெள்ளியைத் துலக்கும் தொழிலில், ஒருமுறை தேய்ந்ததைத் திரும்ப வைக்க முடியாது. கூலிக்குப் பாத்திரம் தொட்ட எல்லோருக்கும் இந்தப் பயம் விளங்கும். மொன்றியலில் ஓர் ஏலக்கடையில் துலக்குகிறேன். இது நடந்தபோது என் மூன்று மாதப் பரீட்சைக் காலத்தில் பத்து நாள் மீதி. அதைத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம்.

கைப்பை வைத்தியம்

பிரபுக்களின் விருந்துக்கென்று செய்த சூப் பாத்திரம் ஒன்று வந்தது. கிரேக்கச் சாடி உருவம், கழுத்தைச் சுற்றி இலைமாலை, வயிற்றில் சிங்கம் பொறித்த குலச்சின்னம். அதன் கறுப்பு கடைக் களிம்புக்கு அசையவில்லை. நம் வீடுகளில் வெள்ளிக்கு என்ன போடுவோம்? கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்துத் தேய்த்தேன். வந்த நிலையைப் படம் எடுத்து வைக்கும் முன்பே துலக்கியது என் அவசரபுத்தி. பொதி கட்டும் கணேசண்ணை எட்டிப் பார்த்தார்.

"கோயில் விளக்குக்கு ஒருத்தரும் வழக்குப் போடமாட்டினம், பிள்ளை. இவையள் போடுவினம்."

சொந்தக்காரி

மறுநாளே பாத்திரத்தின் சொந்தக்காரி வந்துவிட்டார். தன் மூதாதையர் சொல்லிச் செய்வித்தது, வேறு குடும்பத்தின் கை படாதது என்று பெருமையாகச் சொல்லித்தான் அதைக் கொடுத்திருந்தார். சிங்கத்தின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினார். தகடு உள்ளே வளைந்தது. முதலாளி மதாம் என்னைப் பார்த்தார். கேட்பதற்கு முன்பே திருநீற்றை ஒப்புக்கொண்டேன். சொந்தக்காரி குரலை உயர்த்தவேயில்லை.

"சிங்கத்துக்கு நகம் இருந்தது. அது எங்கே?"

மூச்சு

எந்த வெள்ளி வந்தாலும் மதாம் வாயருகே பிடித்து ஊதுவார். ஆவி படிந்தால் பழைய ஒட்டும் வெட்டும் தெரியும். வேறு வழி தெரியாமல் நானும் பாத்திரத்தைத் தூக்கினேன். முதல் மூச்சு இலைமாலையில் வீணாயிற்று. இரண்டாவது சிங்கத்தின் மேல் படிந்தது. அதற்கு அடியில் ஒரு மானின் கொம்பு தெரிந்து மறைந்தது.

மதாம் வாங்கித் தானும் ஊதினார். யாரோ இன்னொரு குடும்பத்தின் மானைச் சுரண்டிவிட்டுத்தான் இந்தச் சிங்கத்தைப் பொறித்திருக்கிறார்கள், தகடு மெலிந்தது அப்போதே, துலக்கியதால் அல்ல என்றார். சொந்தக்காரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மானைப் பற்றி என் தம்பிக்குச் சொல்லமாட்டீர்கள்தானே?"

நகத்தைப் பற்றிப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. என் வேலை நிரந்தரமாகிவிட்டது. திருநீறு மட்டும் இப்போது நெற்றியைத் தாண்டுவதில்லை.