கழுதை வக்கீல்

எங்கள் வக்கீலம்மாவுக்கு கோர்ட்டில் வைத்த பெயர் கழுதை வக்கீல். வைத்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. இருபது வருடமாக வாயில்லா ஜீவன்களுக்காக மட்டுமே வாதாடுகிறார். சாயங்காலம் சட்டக் கல்லூரியில் அதையே பாடமாக நடத்துகிறார். "நாலு பேருக்கு ஒரு வகுப்பா, மூடிடலாமே" என்று முதல்வர் கேட்டபோது, "அஞ்சாவதா நீங்க வந்து உக்காருங்க சார்" என்றவர். அவருடைய குமாஸ்தாவான எனக்குத்தான் கோபம் மூக்கு நுனியில் நிற்கும்.

ஒருமுறை பெயருக்கேற்ற வழக்கே வந்தது. சூளையில் செங்கல் இழுத்த கழுதையை வதை வழக்கில் போலீஸ் பிடித்துக் காப்பகத்தில் விட்டிருந்தது. வழக்கு முடியும்வரை என் சொத்தை என்னிடமே கொடுங்கள் என்று சூளைக்காரர் மனுப் போட்டார். திரும்பப் போனால் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று மாட்டு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். சூளைக்காரரின் வக்கீல் வேறு யாருமல்ல, வக்கீலம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

"போலீஸ் பறிமுதல் பண்ணின பட்டியலைப் பாருங்கய்யா. ஒண்ணு வண்டி, ரெண்டு சாட்டை, மூணு கழுதை. மூணும் பொருள்தான்" என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீலம்மா நிதானமாக எழுந்தார்.

"பொருள்னா நம்பர் சீட்டு கட்டி, ஐயா கண்ணால பாத்த பிறகுதானே திருப்பிக் குடுக்கணும்? கட்டட்டும்."

விதி அப்படித்தான். எல்லோரும் காகிதத்திலேயே முடித்துவிடுவார்கள். நீதிபதி முகத்தைச் சுளித்துக்கொண்டே வாசலுக்கு இறங்கி வந்தார். காப்பக வண்டியிலிருந்து கழுதையை இறக்கினார்கள். மாணவர்கள் நாலு பேரும் நோட்டோடு நின்றார்கள். அன்றைய வகுப்பு அங்கேதான்.

கோர்ட் எழுத்தர் சீட்டோடும் நூலோடும் போனார். கழுத்தைப் பார்த்தார், வார் அறுத்த புண். வயிற்றைச் சுற்றி வந்தார், அங்கும் சதை தெரிந்தது. குனிந்து காலைப் பார்த்தார், கயிறு இறங்கிய காயம். காது இரண்டும் கிழிந்திருந்தன, வாலிலும் புண். சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஐயா, கட்ட இடமில்லீங்க."

கழுதை காப்பகத்திலேயே இருக்கட்டும் என்று நீதிபதி அங்கேயே உத்தரவிட்டார். சொல்வதற்கென்ன, எனக்கு அழுகை வந்துவிட்டது.

படியேறும்போது அண்ணன் கிட்டே வந்தார். "ஜெயிச்சிட்டல்ல, இப்ப திருப்தியா?"

"எங்கண்ணே ஜெயிச்சேன்? இன்னும் அது சாட்டைக்கு அடுத்த நம்பர்தானே. பட்டியல்லேருந்தே எடுக்கச் சொல்லி நாளைக்கு மனு போடறேன். முதல் காப்பி உனக்குத்தான் வரும், வாங்கிக்க."